ஐந்து ஊர், ஆறு பாக்கெட்: கட்டுபடியாகும் காபிகளை ருசித்து மார்க் போடுவது எப்படி?

அஸ்தம்பட்டி (கேள்வி):

வணக்கம். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை சேலத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து காபி ருசித்து மார்க் போடுவதாகத் திட்டம். நம் நாட்டுக் கொட்டைகள் மட்டும். வாங்க நினைத்திருப்பவை: ஏற்காடு பிளான்டேஷன் ஏ, ஏற்காட்டு நேச்சுரல், பழனி மலைத் தாண்டிக்குடி அராபிகா, சிக்மகளூர் பீபெரி, ஆந்திரத்து அரக்கு அராபிகா, வயநாட்டு ரோபஸ்டா. எல்லாம் கால் கால் கிலோ. ஆறுக்கும் சேர்த்து 3,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தினமும் வீட்டில் குடிக்கிற விலையில் எந்தக் கொட்டை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். அரிதான, விலை உயர்ந்த சரக்கைத் தேடவில்லை.

ஒத்திகையாகக் கடையில் அரைத்து வாங்கிய மூன்று ஊர்த் தூளைச் சுடுநீரில் ஊறவைத்துப் பார்த்தோம். மூன்றும் ஒரே மாதிரி கசந்தன, வித்தியாசமே தெரியவில்லை. எங்கே தப்பு?

வேறு சந்தேகங்களும் உண்டு. தூளும் தண்ணீரும் என்ன அளவு? மேட்டூர்க் குழாய்த் தண்ணீரா, ஆர்.ஓ. கேனா? நூறு மார்க் தாளைப் பயிற்சி இல்லாதவர்கள் நிரப்பினால் அதற்கு அர்த்தம் உண்டா? கடைசியாக, எட்டுப் பேருமே பால் காபி குடிப்பவர்கள். பால் இல்லாமல் ருசித்துப் போடும் மார்க் எங்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?


நாகலூர் மேடு:

முதலில் பட்டியலைத் திருத்துங்கள். உங்கள் ஆறு பாக்கெட்டில் ஊர், இனம், பதப்படுத்திய முறை, கொட்டையின் ரகம் நான்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஏற்காடு ஏ-வுக்கும் சிக்மகளூர் பீபெரிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது மலையால் வந்ததா, பீபெரி என்பதால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. சிக்மகளூரிலும் பிளான்டேஷன் ஏ வாங்குங்கள். அரக்கு, தாண்டிக்குடி இரண்டும் கழுவிய சரக்குதானா என்று கேட்டு வாங்குங்கள். அப்போது நான்கு ஊர், ஒரே பதம் என்று ஒரு வரிசை கிடைக்கும். ஏற்காட்டு நேச்சுரல் இருக்கட்டும். அதை ஏற்காடு ஏ-வுடன் மட்டும் ஒப்பிடுங்கள். அது ஒரே மலை, இரண்டு பதம் என்கிற தனிக் கேள்வி. ரோபஸ்டா வேறு இனம், கசப்பு கூட. அதை அராபிகாவோடு ஒரே மேசையில் வைக்கவே கூடாது. நடுவில் அது வந்தால் அதற்குப் பின் ருசிக்கும் அராபிகா எதுவானாலும் தண்ணீர் மாதிரித் தெரியும்.

பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு, பணம் வீணாவது அதில்தான். நம் சந்தையில் ‘பிளான்டேஷன்’ என்றால் பழத்தைப் பல்பரில் தோலுரித்து, நொதிக்கவைத்துக் கழுவி, பார்ச்மென்ட்டாக, அதாவது உள்தோலோடு காயவைத்த அராபிகா. ‘செர்ரி’ என்றால் பழத்தை அப்படியே முழுசாகக் காயவைத்தது. முறையைப் பார்த்தால் நேச்சுரலும் செர்ரியும் ஒன்றுதான். ஆனால் நேச்சுரல் என்று விற்பது பெரும்பாலும் நன்கு பழுத்ததைப் பொறுக்கி மேசையில் உலர்த்திய சரக்கு. மலிவான அராபிகா செர்ரியில் பருவக் கடைசியில் செடியிலிருந்து உருவியெடுத்த காயும் பழமும் கலந்திருக்கும். இரண்டையும் ஒன்றென நினைத்து வாங்கினால் நேச்சுரலே மோசம் என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

ஏ, பி, சி என்பது சல்லடை அளவு. ஏ என்றால் 6.65 மி.மீ. துளையில் நிற்பது, பி 6 மி.மீ. துளையில் நிற்பது. ருசிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கவனமாக நடத்தும் தோட்டத்தின் பி, கவனமில்லாத தோட்டத்தின் ஏ-வைவிடச் சுத்தமாக இருக்கும், விலையும் குறைவு. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே விதை உருண்டு வளர்ந்தது, அவ்வளவுதான். உங்கள் நோக்கத்துக்கு அதற்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. உடைசல் ரகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கருப்புக் கொட்டையும் பூச்சி துளைத்ததும் அங்கேதான் போய்ச் சேரும்.

ஏற்காட்டுச் சரக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 900 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து அங்கே காபி உண்டு. உயரத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை கெட்டியாகும், புளிப்பில் துலக்கம் வரும். அது நல்ல பக்கம். சிக்கல் மழையில் இருக்கிறது. இங்கே வடகிழக்குப் பருவமழை அறுவடைத் தொடக்கத்தோடு மோதும். நவம்பர், டிசம்பரில் களத்தில் கிடக்கும் காபி நனைந்தால் பூசண வாடை, மிகைநொதிப்பு வாடை இரண்டும் ஏறும். சிக்மகளூரில் அந்த நேரத்தில் தென்மேற்கு மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆகவே ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் மலிவுச் சரக்கு எடுக்கும்போது, மேடையில் காயவைத்ததா, மண் தரையிலா, மழைக்கு மூடினார்களா என்று கேட்பது விலை கேட்பதைவிட முக்கியம்.

இனத்தையும் கேளுங்கள். ஏற்காட்டில் எஸ். 795 என்கிற அராபிகா வகை அதிகம். இது எஸ். 288, கென்ட் என்ற இரண்டு வகைகளைச் சேர்த்து உருவாக்கியது, எஸ். 288 வழியாக லிபெரிகா என்கிற வேறு காபி இனத்தின் ரத்தமும் உண்டு. காவேரி என்பது கேட்டிமோர் என்கிற கலப்பின வழி வந்தது. செலக்ஷன் 9 எத்தியோப்பிய வகையான டஃபரிகேலாவுக்கும் டைமர் கலப்பினத்துக்கும் பிறந்தது. பாக்கெட்டில் இனம் எழுதியிருந்தால் அது தோட்டத்திலிருந்து நேராக வந்த சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

அளவுக்கு வருகிறேன். 150 மி.லி. தண்ணீருக்கு 8.25 கிராம் தூள், உலகம் முழுக்கக் கப்பிங், அதாவது காபி ருசித்து மார்க் போடும் மேசையில் இதுதான். சமையல் தராசு ஒரு கிராம் துல்லியம்தான் காட்டும், போதாது. கொலுசுப் பட்டறைகளில் இருப்பது போன்ற சிறு தராசு ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கிண்ணம் 200 மி.லி. பிடிக்கும் பீங்கானோ கண்ணாடியோ, எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், உதட்டைச் சுடும், காபியும் சீக்கிரம் ஆறும். முறைப்படி ஒரு சரக்குக்கு ஐந்து கிண்ணம், உங்களுக்கு மூன்று போதும். ஒரே கிண்ணம் வைத்தால் கெட்ட கொட்டை ஒன்று அதில் விழுந்து மொத்தச் சரக்கின் மார்க்கையும் கெடுத்துவிடும்.

தூளைக் கிண்ணத்தில் போட்டதும் உலர்ந்த வாசனையை முகர்ந்து எழுதுங்கள். அரைத்துக் கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் 93 டிகிரி. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே கெட்டில் அணைந்ததும் ஊற்றலாம். சேலத்தில் கொதிநிலை கிட்டத்தட்ட 99 என்பதால் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் போல விட்டு ஊற்றுங்கள், தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கிண்ணத்துக்கு 150 மி.லி. ஒரே ஊற்றாக, தூள் முழுவதும் நனைகிற மாதிரி. நான்கு நிமிடம் தொடாதீர்கள். பிறகு மேலே படிந்த தூள் ஏட்டைக் கரண்டி முதுகால் மூன்று முறை தள்ளி, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகருங்கள். அந்த ஒரு நொடி வாசனை திரும்ப வராது. மிதப்பதை இரண்டு கரண்டியால் வழித்தெடுத்துவிடுங்கள்.

ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து, 70 டிகிரிக்கு இறங்கிய பின்தான் முதல் வாய். உறிஞ்சும்போது சத்தம் வரட்டும், காபி தெளித்து நாக்கு முழுக்கப் பரவ வேண்டும். அதே கிண்ணத்தை வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு முறை, நன்றாக ஆறியதும் ஒரு முறை. பலரும் சூட்டில் ஒரே ஒரு முறை ருசித்து எழுதிவிடுகிறார்கள், பெரிய தவறு அது. சூடு குறையை மறைக்கும். சாக்குப் பை வாடை, மண்வாடை, வாயில் ஒட்டும் துவர்ப்பு எல்லாம் ஆறிய பிறகுதான் முகம் காட்டும். நல்ல சரக்கோ ஆற ஆற இனிக்கும்.


ஐந்து ரோடு வறுவல்:

மூணு தூளும் ஒரே மாதிரி கசந்ததுக்குக் காரணம் ஊர் இல்லீங்க, வறுவலும் அரவையும்தான்.

கடைகள்ல பில்டர் காபிக்கு வறுக்கறது கொஞ்சம் கருக்கலாத்தான் இருக்கும். ரெண்டாவது வெடிப்பு, அதாவது கொட்டை 224 டிகிரி சுமாருக்குப் போய் சடசடன்னு மெலிசா வெடிக்கிற கட்டம், அதைத் தாண்டிட்டா ஏற்காடும் அரக்கும் ஒண்ணுதான். கருக்கல் கசப்பு ஊரோட ருசியை மூடிடும். முதல் வெடிப்பு முடிஞ்சு, கொட்டை மேல எண்ணெய் கசியாத, இலவங்கப்பட்டையை விட ஒரு படி கருத்த நிறத்துல இருக்கற கொட்டையா கேளுங்க. எல்லா பாக்கெட்டும் ஒரே வறுவலா இருக்கணும். ஒரு ஊர் லேசாவும் ஒரு ஊர் கருக்கலாவும் வந்தா நீங்க மார்க் போடறது வறுத்தவருக்குத்தான்.

பச்சைக் கொட்டையா வாங்கி ஒரே ஆள்கிட்ட வறுக்கக் கொடுக்கறது எல்லாத்தையும் விட நல்லது, செலவும் குறையும். சரியா வறுபட்டுதான்னு நிறத்தை மட்டும் பார்க்காதீங்க, எடையைப் பாருங்க. 100 கிராம் பச்சைக் கொட்டை உள்ளே போனா 85லிருந்து 87 கிராம் வெளியே வரணும். 82க்குக் கீழே போயிருந்தா கருக்கல். நாலு ஊர்ச் சரக்கோட எடை இழப்பும் ஒண்ணுக்கொண்ணு ஒரு கிராமுக்குள்ள இருந்தா அந்த மேசையை நம்பலாம். வீட்ல இரும்புச் சட்டில வறுத்தா வெளிப்பக்கம் தீயும், உள்பக்கம் பச்சையா நிக்கும், வாயில் வேகாத பயறு மாதிரி ஒரு ருசி வரும். ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு அது ஆகாது.

வறுத்ததும் தட்டுல பரப்பிப் பாருங்க. சுத்தி இருக்கறது எல்லாம் பழுப்பா இருக்க, சிலது மட்டும் வெளிறி மஞ்சளா நிக்கும். பழுக்காத காய்ல இருந்து வந்த கொட்டை அது. நிலக்கடலைத் தோல், காகிதம் மாதிரி ருசிக்கும். ஸ்பெஷாலிட்டின்னு சொல்ற உயர்ந்த தரத்துக்கு 100 கிராம்ல ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு விதி. மலிவுச் சரக்குல நாலஞ்சு இருக்கத்தான் செய்யும். அதைப் பொறுக்கிப் போட்டுட்டு மேசையில வைக்காதீங்க, அப்படியே வைங்க. நீங்க காசு கொடுக்கறது அதுக்கும் சேர்த்துத்தானே? ஆனா எத்தனை இருந்துச்சுன்னு எண்ணி எழுதி வைங்க.

அடுத்தது அரவை. கடை மிஷின்ல உங்களுக்கு முன்னாடி அரைச்சது சிக்கரி கலந்ததா இருந்தா, அந்த மிச்சம் உங்க தூள்ல வரும். சந்தேகம் இருந்தா கண்ணாடி டம்ளர் நிறைய பச்சைத் தண்ணி எடுத்து மேலாக ஒரு சிட்டிகை தூவுங்க. காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே முங்கி, போற வழியெல்லாம் பழுப்பு நூல் விடும். பாக்கெட்ல ‘காபி சிக்கரி கலவை’ன்னு எழுதி இருந்தா அதுல காபி 51 சதவீதம் இருந்தாலே சட்டப்படி போதும், அதனால பின்பக்கத்தையும் படிச்சுட்டு வாங்குங்க.

பில்டருக்கு அரைக்கற நைஸ் தூள் இந்த முறைக்கு ஆகாது. ஏடு கட்டாம அடியில போய் உட்கார்ந்து கசப்பை எல்லாம் இறக்கிடும். உப்புமா ரவையை விடக் கொஞ்சம் பருமனா வேணும். கைச்சுத்து அரவை மிஷின் இருந்தா நல்லது. மிக்சிதான்னா காபிக்குன்னு தனி ஜார் வைங்க, மிளகு சீரகம் அரைச்ச ஜார் எத்தனை தடவை கழுவினாலும் விடாது. 25 கிராம் போட்டு ரெண்டு ரெண்டு செகண்டா விட்டு விட்டு ஓட்டுங்க, நடுவுல ஜாரைக் குலுக்குங்க. மாவுச் சல்லடையில சலிச்சு நைஸா இருக்கற பொடியை எடுத்துட்டா கசப்பு பாதி குறையும். சலிச்சதுக்கு அப்புறம் 8.25 கிராம் நிறுக்கணும், முன்னாடி இல்ல. ஒவ்வொரு சரக்குக்கும் முன்னாடி அதே கொட்டை அஞ்சு கிராம் அரைச்சுக் கொட்டிடுங்க, முந்தின சரக்கோட வாடை போயிடும்.


கேன் தண்ணீர்:

தண்ணீரைப் பற்றி மட்டும். காபிக்கு ஏற்ற டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 150 பி.பி.எம். (லிட்டருக்கு 150 மி.கி.) சுற்றி. 75க்குக் கீழே போனால் சாறு சரியாக இறங்காது, காபி வெறுமையாகவும் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டும் நிற்கும். ஆர்.ஓ. கேன் பெரும்பாலும் இந்த வகைதான். போர் தண்ணீர் எதிர்த்திசை. கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது காபியின் அமிலத்தைச் சமன் செய்து விழுங்கிவிடும். ஏற்காட்டுக்கும் சிக்மகளூருக்கும் இருக்கும் முக்கிய வித்தியாசமே புளிப்பில்தான் என்பதால் போர் தண்ணீரில் ருசித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்கி இரண்டையும் அளந்து கலக்குங்கள். உதாரணத்துக்கு ஆர்.ஓ. 30, மேட்டூர்த் தண்ணீர் 300 என்று வந்தால், 150 கழித்தல் 30 என்பதை 300 கழித்தல் 30-ஆல் வகுத்தால் 0.44. பத்து லிட்டருக்கு மேட்டூர்த் தண்ணீர் நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மீதி ஆர்.ஓ. குழாய்த் தண்ணீரை முந்தின இரவே அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள். குளோரின் இருந்தால் காபியில் மருந்துக்கடை வாடை வரும், அதைக் கொட்டையின் குறை என்று எழுதிவிடுவீர்கள். எல்லாச் சரக்குக்கும் ஒரே பாத்திரத்துத் தண்ணீர்.


அஸ்தம்பட்டி:

மிக்க நன்றி. ரோபஸ்டாவைத் தனியே எடுத்துவிட்டேன், சிக்மகளூரிலும் பிளான்டேஷன் ஏ. பச்சைக் கொட்டையாக வாங்கி ஒரே இடத்தில் வறுக்கக் கொடுக்கிறோம். அராபிகா ஐந்தும் ஒரே சுற்றில் வைக்கலாமா? மார்க் தாள் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.


மூன்றிலக்க எண்:

ஐந்தையும் ஒரே சுற்றில் வைக்காதீர்கள். பதினைந்து கிண்ணத்துக்கு 2.25 லிட்டர் வெந்நீர் வேண்டும். வீட்டுக் கெட்டில் இரண்டு முறை கொதிக்க வேண்டியிருக்கும், முதல் கிண்ணமும் கடைசிக் கிண்ணமும் வெவ்வேறு சூட்டில் நிற்கும். இரண்டு சுற்றாகப் பிரியுங்கள், கிண்ணத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் எண், சுற்றுக்கு மூன்று எண், ஒன்பது கிண்ணம், 1.35 லிட்டர். ‘ஐந்து சரக்குதானே, ஆறு எண் எப்படி?’ என்று கேட்பீர்கள். ஏற்காடு ஏ-வை இரண்டு சுற்றிலும் வேறு வேறு எண்ணில் வையுங்கள். யாருக்கும் சொல்லக் கூடாது. முதல் சுற்றில் ஏற்காடு ஏ, தாண்டிக்குடி, சிக்மகளூர். இரண்டாவதில் அதே ஏற்காடு ஏ, அரக்கு, ஏற்காட்டு நேச்சுரல்.

இந்த ஒளித்த இரட்டைதான் முழுக் காலைப் பொழுதின் உயிர். ஒருவர் அதே காபிக்கு முதல் சுற்றில் 7, இரண்டாவதில் 5 போட்டால், அவர் தாளில் மற்ற காபிகளுக்கு இடையே உள்ள இரண்டு மார்க் வித்தியாசத்துக்கும் பொருள் கிடையாது. அவரை ஒதுக்க வேண்டியதில்லை, அவருடைய அளவுகோலின் சிறிய கோடு இரண்டு மார்க் என்று எடுத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு சுற்றையும் இணைத்துப் பார்ப்பதற்கும் இதுவே பாலம்.

எண்கள் 417, 862 போல மூன்றிலக்கமாக இருக்கட்டும். ஒன்று, இரண்டு என்றோ அ, ஆ என்றோ வைத்தால் முதலில் வருவதற்கு மனம் தானாகவே கூட்டிப் போடும். கிண்ணத்துக்கு அடியில் எழுதி ஒட்டுபவர் ருசிக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் ருசிக்கும் வரிசையும் மாற வேண்டும்.

நூறு மார்க் தாளுக்கு வருவோம். 2004 முதல் ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் பயன்படுத்திய படிவத்தில் வாசனை, சுவை, பின்சுவை, புளிப்பு, திடம், சமநிலை, சீர்மை, தூய்மை, இனிப்பு, மொத்த அபிப்பிராயம் என்று பத்துத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து. 80 தொட்டால் ஸ்பெஷாலிட்டி. இதில் கால் கால் மார்க்காகப் போடுவதற்கு வருடக்கணக்கில் மற்றவர்களோடு ஒத்திசைத்துப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் போடும் 83-க்கும் 79-க்கும் எந்த அர்த்தமும் இல்லை. அதே சங்கம் இப்போது கொண்டுவந்திருக்கும் புதிய முறையில், காபி எப்படி இருக்கிறது என்பதும் எனக்கு எவ்வளவு பிடித்தது என்பதும் தனித்தனித் தாள். உங்களுக்கு இதுதான் பொருந்தும். முதல் தாளில் புளிப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு, திடம் ஐந்துக்கும் குறைவு, நடு, அதிகம் என்று மட்டும். இரண்டாவது தாளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை பிடித்தம். குறை வாடை ஏதாவது இருந்தால் எத்தனை கிண்ணத்தில் என்று மூன்றுக்கு எழுதுங்கள். மூன்றிலும் இருந்தால் அது சரக்கின் குணம். ஒன்றில் மட்டும் இருந்தால் ஒரு கெட்ட கொட்டை.

எட்டுப் பேரின் சராசரியை மட்டும் எடுக்க வேண்டாம். நேச்சுரலுக்கு நான்கு பேர் 8, நான்கு பேர் 3 போடுவது சகஜம். சராசரி 5.5 என்று வந்தால் ‘சுமாரான காபி’ என்று தோன்றும், அந்த எண்ணத்தில் ஒருவருமே இல்லை. மேல், கீழ் இரண்டையும் எழுதுங்கள்.

ருசிக்கும் இருபது நிமிடமும் பேச்சு கூடாது. ஒருவர் ‘ஆரஞ்சு’ என்று சொல்லிவிட்டால் மற்ற ஏழு பேர் நாக்கிலும் ஆரஞ்சு வந்துவிடும். எழுதி முடித்துத் தாளைக் கவிழ்த்த பின் பேசுங்கள்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. காபிச் சுவைகளை வட்டமாக வகைப்படுத்தி அச்சிட்டு வரும் சுவைச் சக்கரத்தில் இருக்கும் பாதிப் பழங்களை நாம் வாயில் வைத்ததே இல்லை. அதைப் பார்த்து எழுதினால் எழுத்து அழகாக இருக்கும், உண்மை இருக்காது. நம்மிடமே போதுமான சொற்கள் இருக்கின்றன. எலுமிச்சைப் புளிப்பு, ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சின் புளிப்பு, புளியின் புளிப்பு, மோரின் புளிப்பு, காடியின் புளிப்பு எல்லாம் வெவ்வேறு. முதல் இரண்டும் நல்ல அறிகுறி. மோர்ப் புளிப்பு நேச்சுரலில் லேசாக இருந்தால் சரி. காடி வந்தால் நொதிப்பு மிஞ்சிவிட்டது. இனிப்பில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை. நேச்சுரலில் பலாச்சுளையும் கனிந்த வாழைப்பழமும் அடிக்கடி வரும். துவர்ப்பையும் கசப்பையும் பிரிக்கத் தெரிவது முக்கியம்: நெல்லிக்காய் கடித்தது போல நாக்கும் ஈறும் இழுத்தால் துவர்ப்பு, இழுக்காமல் நாக்கில் தங்கினால் கசப்பு. துவர்ப்புக்குப் பழுக்காத காய் காரணமாக இருக்கலாம், கசப்புக்கு வறுவல்.

முந்தின நாள் அரை மணி நேரம் நாக்கைப் பழக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை 10 கிராம், இன்னொரு லிட்டருக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) அரை கிராம், இன்னொன்றுக்குச் சமையல் உப்பு ஒன்றரை கிராம். எது எது என்று தெரியாமல் ருசித்துச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று கிண்ணச் சோதனை: இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு காபி, வேறுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு முறை செய்யுங்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் நான்கு சரியாக வருவது பத்தில் ஒரு முறை நடக்கும், அதை நம்ப வேண்டாம். ஐந்து சரியென்றால் அதிர்ஷ்டத்துக்கு வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் கீழே. அவருக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது.

நேரம் காலை பத்து மணி சுமார். தாளிப்பு வாசனை, சாம்பிராணி, சென்ட் எதுவும் அந்த அறையில் வேண்டாம். தலையில் மல்லிகை வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு மணி நேரம் பூவை வெளியே வைத்துவிட்டு வரட்டும், ஒரு முழம் போதும் எட்டுப் பேர் மூக்கையும் திசை திருப்ப. வாய் கொப்பளிக்க வெறும் தண்ணீர், இடையில் உப்பில்லாத பொரி. ருசித்ததைத் துப்பப் பாத்திரம் வையுங்கள். பதினெட்டுக் கிண்ணத்தை மூன்று மூன்று முறை விழுங்கினால் படபடப்பு வந்து கடைசி மார்க்கெல்லாம் கோணும்.


டபரா செட்:

பால் கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே. அது முக்கியமான கேள்வி சார்.

பால் இல்லாம போடற மார்க்கு, கொட்டையை எப்படி வளர்த்தாங்க, எப்படிக் காயவெச்சாங்கன்னு சொல்லும். பால்ல எது நிக்கும்னு சொல்லாது. ரெண்டுக்கும் ரெண்டு தாள் போடுங்க. பால் இல்லாத மேசையில் வந்த சரக்கு எல்லாத்தையும் பாலுக்குக் கொண்டு போக வேண்டாம். பூசண வாடை, சாக்கு வாடை, காடி இருந்ததை அங்கேயே நிறுத்திடுங்க. பாலில் இருக்கற புரதம் துவர்ப்பைப் பிடிச்சு அடக்கிடும், அதனால கொஞ்சம் துவர்ப்பான காபிக்குப் பால் நல்லது பண்ணும். பூசண வாடையை எந்தப் பாலும் மறைக்காது.

இன்னொண்ணு, நீங்க மேசைக்கு வாங்கற அந்த லேசான வறுவல் பால்ல மெலிஞ்சு புளிச்சுப் போகும். ஏற்காடு ஏ கருப்பா குடிக்கும்போது ஆரஞ்சு மாதிரி இருந்தது, பாலை ஊத்தினதும் திரிஞ்ச மாதிரி ருசிக்கும். அதைக் கொட்டையோட குறையா எழுதிடாதீங்க. பச்சைக் கொட்டையா வாங்கறதால பாதியை லேசாவும் மீதியை ரெண்டாவது வெடிப்பு தொடங்கற இடம் வரைக்கும் வறுத்து வாங்கிக்குங்க, பால் சுற்றுக்கு அதை வைங்க. இதுக்கு மட்டும் பில்டருக்கான நைஸ் அரவை.

டிகாஷனுக்கு 20 கிராம் தூள், 120 மி.லி. வெந்நீர். தூளை லேசா மட்டம் பண்ணி அழுத்துங்க, ரொம்ப அழுத்தினா இறங்காது. முதல்ல 20 மி.லி. ஊத்தி அரை நிமிஷம் ஊற விட்டு, அப்புறம் மிச்சத்தை ஊத்துங்க. கால் மணி நேரத்துல இருந்து இருபது நிமிஷத்துக்குள்ள இறங்கணும். அஞ்சு நிமிஷத்துல இறங்கிட்டா தூள் பருமன், அது மெல்லிசா இருக்கும். ஒரே அளவு பில்டர் நாலஞ்சு கிடைக்கலைன்னா கழிச்சு மீதி இருக்கற சரக்கை ரெண்டு ரெண்டா ஒப்பிடுங்க. பால் ஒரே பாக்கெட், ஒரே தடவை காய்ச்சினது, 30 மி.லி. டிகாஷனுக்கு 90 மி.லி. சர்க்கரை இல்லாம ஒரு தடவை, அப்புறம் அஞ்சு கிராம் போட்டு ஒரு தடவை.

ரோபஸ்டாவுக்கு இங்கேதான் இடம். நாகலூர் அண்ணா அதை மேசையை விட்டு எடுக்கச் சொன்னது சரி, ஆனா வீட்டைவிட்டு எடுக்கச் சொல்லலை. வயநாட்டுக் கொட்டை கழுவினதா, அதாவது பார்ச்மென்ட் ரகமா வாங்குங்க, செர்ரி வேண்டாம். அராபிகாவில் காஃபீன் 1.2 சதவீதம் சுமார், இதுல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு, அதனால கசப்பும் திடமும் கூட. அராபிகா 70, ரோபஸ்டா 30ன்னு கலந்து ஒரு டம்ளர், தனி அராபிகா ஒரு டம்ளர், ரெண்டுக்கும் மூன்றிலக்க எண் ஒட்டி எட்டுப் பேருக்கும் கொடுங்க. பால் குடிக்கறவங்க கலவையைத் தேர்ந்தெடுத்தா அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை, அந்த டம்ளரோட விலையும் குறைஞ்சுதான் இருக்கும்.

மார்க்கை விலையால வகுத்து ‘ரூபாய்க்கு இத்தனை மார்க்’னு போடற பழக்கம் இருக்கு, அதைச் செய்யாதீங்க. அப்படிப் போட்டா குறை இருக்கற சரக்குதான் எப்பவும் ஜெயிக்கும், ஏன்னா அதுதான் மலிவு. முதல்ல குறை வாடை இருக்கறதைத் தள்ளுங்க. மிச்சத்துல உங்க எட்டுப் பேர்ல ஆறு பேராவது 6க்கு மேல போட்டதை எடுங்க. அதுல விலை குறைஞ்சது எதுவோ அதை வாங்குங்க.


நாகலூர் மேடு:

டபரா செட் சொன்னது சரி. வாங்கும் மாதம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஏற்காட்டில் அராபிகா அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி வரை, காய்ந்து தோல் நீக்கிப் புதுச் சரக்கு கடைக்கு வர பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். மழைக்காலம் தாண்டிய பழைய சரக்கு ஈரம் வாங்கி வெளுத்து, சாக்கு வாடை பிடித்திருக்கும். பச்சைக் கொட்டை கேட்கும்போது நீலம் கலந்த பச்சையா, வெளிறிய மஞ்சளா என்று உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு ஊர் புதுச் சரக்காகவும் ஒரு ஊர் போன வருடத்ததாகவும் இருந்தால் மேலே சொன்ன அத்தனை கவனமும் வீண்.

வறுத்த பாக்கெட்டில் மீதியாவதைக் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், நிழலான அலமாரியில் வையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே எண்களோடு மேசையை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். முதல் வாரத்தில் பளிச்சென்று இருந்து மூன்றாவது வாரம் அட்டை மாதிரி ஆகிவிடும் காபியும் உண்டு. கால் கிலோ பாக்கெட்டை மாதம் முழுக்கக் குடிக்கும் வீட்டுக்கு அது ஆகாது, நூறு நூறு கிராமாக வாங்குகிறவர்களுக்குச் சரிப்படும்.